நாடகத்துக்கு இறக்கிய பதநீர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். மரக்கடையில் பலகைமேல் பென்சிலால் அளவு குறிப்பதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. அதனால் வரிகள் கோட்டை விட்டு இறங்கித்தான் போகும். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் வேண்டியதைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் மகள். திசையன்விளையில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பாட்டு நாடகம் போடுகிறார்கள். அவளுக்கும் அதில் ஒரு வேஷம். ஒரு நாள் சாப்பிடும்போது, சின்ன வயசில் நீங்கள் நாடகத்தில் நடித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற ஆள் என்று என்னை அவளுக்குத் தெரியும். உடனே நம்பிவிட்டாள். அப்படி நம்பியதுதான் என்னை உறுத்துகிறது. வாயால் சொல்ல வராது. அவளுடைய போன வருஷத்து நோட்டில் மிச்சமிருக்கிற தாள்களில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் திசையன்விளைக்கும் உடன்குடிக்கும் நடுவில், செம்மணல் மேடுகளான தேரியை ஒட்டி இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பனைதான் தெரியும். என் அய்யா பனையேறி. எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். பங்குனி பிறந்ததும் அவர் காலையில் நாற்பது மரம், சாயங்காலம் அதே நாற்பது மரம் ஏறி இறங்குவார். அம்மா பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பாள். என் வேலை சுண்ணாம்பு. பாளையில் கட்டுகிற சின்ன மண் கலயங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பைக் குழைத்து, நசுக்கிய மட்டைத் துண்டால் ஒவ்வொரு கலயத்தின் உள்பக்கமும் சுற்றித் தடவ வேண்டும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டினால் அது பதநீர். சுண்ணாம்பு இல்லாமலோ குறைவாகவோ இருந்தால், அதே சாறு வெயில் ஏற ஏற நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீர் இறக்க அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கும். கள் இறக்கினால் பிடித்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது என்னைப் போன்ற ஒரு பையன் கையில் இருக்கிற மட்டைத் துண்டுதான்.

நான் நடித்த நாடகத்துக்கு முந்தின வருஷம்தான் அய்யாவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் மரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, இறக்கி வைத்திருந்த கலயத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, சுண்ணாம்பு பத்தாது என்றார். அய்யா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். மறுநாள் மத்தியானம் நடந்தே வீட்டுக்கு வந்தார். போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். ஏன் சட்டையைக் கழற்றினார் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு தடவை அகப்பட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று எழுதி வாங்கியிருந்தார்களாம். அதற்குப் பிறகு அய்யா, ஒரு பூச்சு தடவுகிற இடத்தில் இரண்டு பூச்சு தடவச் சொன்னார். எங்கள் பதநீர் குடித்தால் நாக்கு தடித்துப்போகும் அளவுக்குக் காரமாகிவிட்டது.

எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். அய்யாவைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. போலீஸ் திரும்ப வந்துவிடும் என்று ஆண்கள் தேரிக்காட்டுக்குள் போயிருந்ததால், வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அது டீச்சரின் மனதை என்னவோ செய்திருக்கிறது. அடுத்த ஆண்டுவிழாவுக்கு அவரே உட்கார்ந்து ஒரு பாட்டு நாடகம் எழுதினார். அதற்குத் ‘தாகம் தீர்த்த மரம்’ என்று பெயர் வைத்தார். ஒரு ராஜாவுக்கு என்ன குடித்தாலும் அடங்காத தாகம். வைத்தியர்கள் எல்லாரும் வந்து தோற்றுப்போகிறார்கள். கடைசியில் ஒரு பனையேறி பதநீர் கொண்டுவந்து பாடிக்கொண்டே கொடுக்கிறான். ராஜா தாகம் தீர்ந்து எழுந்து நிற்கிறார். இதுதான் கதை. பேச்சு குறைவு, பதினோரு பாட்டு.

எழுதியதோடு டீச்சர் நிற்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய் அந்தச் சப்-இன்ஸ்பெக்டரையே விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டுவிட்டார். பனையேறியின் பாட்டு முடிவில், பனையேறியாக நடிக்கிற பையன் மேடையிலிருந்து இறங்கி, பனை ஓலையை மடித்த பட்டையில் பதநீர் ஊற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். குடித்துவிட்டார் என்றால் அதற்குமேல் மரத்தடியில் வந்து விரலை விட அவருக்கு மனசு வராது என்பது டீச்சரின் கணக்கு.

செய்தி கேட்டு ஊர் கலங்கிப்போனது. பனையேறிகள் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். தேவாலயத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கோயில் என்போம். போலீஸை நாமே கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்துப் பாட்டுப் பாட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். உட்கார வைத்தால்தான் என்ன, நாம் என்ன திருடுகிறோமா என்றார் இன்னொருவர். அய்யா ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, பாட்டை ஒழுங்காகப் பாடம் பண்ணு என்று மட்டும் சொன்னார். ஏனென்றால் அந்தப் பனையேறி வேஷம் எனக்குத்தான்.

பேச வெட்கப்படுகிறவனுக்குப் பாட வெட்கம் வராது என்பதை டீச்சர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். இன்றைக்கு நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. அந்த வயதில் என் தொண்டை எவ்வளவு மேலே போனாலும் பிசிறாது. ராஜா வேஷம் கடைக்கார அண்ணாச்சி மகனுக்கு. அவனுக்குப் பாட்டு வராது. ஆனால் ராஜாவின் ஜரிகை வேஷ்டியும் கிரீடமும் அவர்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

ஆர்மோனியம் எங்கள் கோயிலுடையது. வாசித்தவர் கோயில் உபதேசியார், குருவானவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர். அவருக்குக் கீர்த்தனைகளைத் தவிர வேறு எதுவும் கையில் வராது. ஆகவே ராஜா அழுகிற பாட்டும் வைத்தியர்கள் சண்டை போடுகிற பாட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மாதிரியே இருந்தன. ஒத்திகை பார்க்க வந்த இரண்டு கிழவிகள் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் ஆமென் சொன்னார்கள். டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது ஒத்திகைக்கு உண்மையான பதநீர் வேண்டும் என்றார் டீச்சர். நான் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். பட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். ராஜா ஒரு வாய் குடித்ததும் முகம் கோணி, கிரீடம் கீழே விழ, எல்லாவற்றையும் தரையில் துப்பினான். அடுத்து அவன் பாட வேண்டியது ‘தாகம் தீர்ந்தது, தாகம் தீர்ந்தது’ என்ற வரி. நாக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

“ஏல, இது பதனியால? ஒங்க வீட்ல செவருக்கு வெள்ளையடிச்ச மிச்சத்தக் கொண்டாந்துட்டியோ?”

எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்காமல் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் டவுன்காரர், பதநீரைப் பற்றி அதிகம் தெரியாது. பெரிய மனிதர் குடிக்கிற இடத்தில் இவ்வளவு காரம் வேண்டாம், விழா அன்றைக்கு மட்டும் சுண்ணாம்பைக் கொஞ்சம் பார்த்துப் போடு என்றார்.

டீச்சர் சொன்னது அவ்வளவுதான். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அய்யா எனக்காக ஒரு கலயம் தனியாக எடுத்து வைத்தார். வீட்டுக்கு மேற்கே நின்ற மரத்தில் சாறு நல்ல இனிப்பாக இறங்கும். அதில் கட்டப் போவதாகச் சொன்னார். நான் மற்ற கலயங்களுக்கெல்லாம் இரண்டு பூச்சு தடவினேன். இந்தக் கலயத்தை எடுத்தபோது, ராஜா முகம் கோணியதும் எல்லாரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. மட்டைத் துண்டைக் கீழே வைத்துவிட்டேன். விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தொட்டு, உள்ளே நெற்றிக்குப் பொட்டு வைப்பதுபோல ஒரு பொட்டு வைத்தேன். அய்யா கேட்டால் தடவியாயிற்று என்று சொல்லலாம். அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வேலையில் நான் தவறியதில்லை என்பதால் கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது.

காலையில் நன்றாக விடியுமுன் அந்தக் கலயத்தை அப்படியே இறக்கி என் கையில் கொடுத்தார். அவர் உள்ளே பார்க்குமுன் நான் ஓலைத் துண்டால் வாயை மூடி ஈரத்துணியைச் சுற்றிக் கட்டினேன். வாசனை இனிப்பாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில், மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறை மூலையில் வைத்தேன். அந்த அறைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயில். காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை கலயம் அங்கேதான் இருந்தது. நான் வேறு எங்கேயோ மூலையில் நின்று சரணங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை அடுக்கி மேடை கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு கைவைத்த நாற்காலி. அதில் சப்-இன்ஸ்பெக்டர். அவருக்கு இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள். பின்னால் தரையில் ஊர் முழுவதும். பனையேறிகள் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு இடது பக்கம் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அய்யா அவர்களுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பெண்கள் பக்கம்.

எட்டுப் பாட்டு நல்லபடியாகப் போனது. வைத்தியர்கள் சண்டைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்தபிறகு ஊரும் சிரித்தது. ஒன்பதாவது பாட்டுக்கு உபதேசியார் சுருதி பிடித்தார். நான் வர வேண்டிய பாட்டு. கலயத்தை எடுக்க மூலைக்குப் போனேன்.

துணியைச் சுற்றி ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஓலைத் துண்டு தானாகவே மேலே எழும்பி இருந்தது. அதைத் தூக்கினேன். வெள்ளை நுரை கலயத்தின் கழுத்து வரை வந்து வழிந்தது. வாசனை என் முகத்தில் அடித்தது. பனங்காட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த வாசனை தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கலயத்தைத் தூக்கிக்கொண்டு திரையருகே வந்தேன். பக்கத்தில் டீச்சர் நின்றார். பைய அவர் சேலையைத் தொட்டு, “டீச்சர், இது நொரச்சிட்டு” என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். “நுரை இருந்தால்தானே பார்க்க அழகாக இருக்கும்? போ, போ, உன் பாட்டு வந்துவிட்டது” என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அது கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை அந்த இடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சுண்ணாம்பு ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். எப்படியோ மேடை நடுவுக்கு வந்துவிட்டேன். உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாய் தன்னால் பாட ஆரம்பித்தது.

‘குடிக்க வாரும் ராஜாவே, குளிர்ந்த பனஞ்சாறு
கோடைத் தாகம் தீர்க்கவே கொண்டுவந்தேன் பாரு’

மூன்று சரணம். முதல் சரணம் முடிந்ததும் ராஜாவுக்கு ஊற்ற வேண்டும். மூன்றாவது முடிந்ததும் கீழே இறங்கி சப்-இன்ஸ்பெக்டருக்கு ஊற்ற வேண்டும். போன வருஷம் விரலில் தொட்டு நக்கியே கண்டுபிடித்தவர். இன்று பட்டை நிறையக் குடிக்கப் போகிறார். குடித்ததும் பிடித்துவிடுவார்; நாற்பது வீட்டு ஆண்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. முதலில் எழுந்திருக்கச் சொல்லப் போவது என் அய்யாவைத்தான். பாடிக்கொண்டே இவ்வளவும் எனக்குத் தெரிந்தது.

ராஜாவுக்கு ஊற்றினேன். நுரை பட்டையின் ஓரத்தில் வழிந்தது. அவன் பயந்து பயந்து உதட்டில் வைத்தான். பிறகு ஒரே மூச்சில் குடித்தான். பட்டையைக் கீழே வைத்து ‘தாகம் தீர்ந்தது’ என்று பாட வேண்டியவன், பட்டையை மறுபடியும் என்னிடம் நீட்டினான். பாட்டுக்கு நடுவில் மெதுவாக, “இன்னும் ஊத்துல” என்றான்.

அந்த நேரம் காற்று மேடைப் பக்கமிருந்து பனையேறிகள் பக்கம் வீசியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னால் இருந்த ஒருவர் மூக்கைச் சுளித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லார் முகமும் மாறியது. முதலில் கலயத்தைப் பார்த்தார்கள், அடுத்து நாற்காலியில் இருந்தவரின் பின்னந்தலையைப் பார்த்தார்கள். அந்த மைதானத்தில் விஷயம் தெரியாத பெரியவர்கள் இரண்டே பேர். டீச்சர் ஒருவர், சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர். அவர் தாளம் போட்டுக்கொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நல்ல புழுக்கம். அடுத்தது தனக்குத்தான் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

கலயத்தைக் கீழே போட்டு உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். உடைத்தால் பலகை முழுவதும் ஓடும், வாசனை நேரே அவர் காலடிக்குப் போகும். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கலயத்தோடு ஓடினால் துரத்துவார்கள், விட்டுவிட்டு ஓடினால் டீச்சரே அதை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு ஊற்றுவார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. மூன்றாவதை எடுக்க வேண்டிய இடத்தில் நான் மறுபடியும் முதல் சரணத்தை எடுத்தேன்.

உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோயிலில் ஜனங்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினால் கூடவே போய்ப் பழகியவர். அதனால் நிறுத்தாமல் பின்னாலேயே வந்தார். முதல் சரணம் முடிந்தால் ராஜாவுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினேன். குடித்தான். இரண்டாவது சரணம். மறுபடியும் முதல் சரணம். டீச்சர் திரைக்குப் பக்கத்தில் நின்று மூன்று விரலைக் காட்டினார். நான் பார்க்காதவன்போல் இருந்தேன். நாலாவது தடவை ஊற்றும்போது ராஜாவின் கிரீடம் ஒரு காதில் தொங்கியது. அவன் எனக்கு முன்னால் மண்டியிட்டு, பனையேறியைக் கும்பிட்டான். நாடகத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

மறுபடியும் இரண்டாவது சரணத்தை எடுத்தேன். கலயத்தில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. எத்தனை தடவை பாடினாலும் அதைத் தீர்க்க ஒரு ராஜா போதாது. சப்-இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் அய்யா எழுந்தார்.

அவர் கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்காருகிறவர். இப்போது நேரே நடந்து வந்து பெஞ்சில் கால் வைத்து மேடையில் ஏறினார். பலகை கிறீச்சிட்டது. என் பாட்டு நின்றுவிட்டது. உபதேசியாரின் ஆர்மோனியம் மட்டும் நிற்கவில்லை. அடிக்கப் போகிறார் என்று நான் கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கலயத்தை என் கையிலிருந்து வாங்கி, மண்டியிட்டிருந்த ராஜாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ராசா குடிச்சது போதும். இனி ஏறினவன் குடிக்கட்டும்.”

சொல்லிவிட்டுக் கலயத்தை வாயில் வைத்தார்.

என் அய்யா கள்ளைத் தொடாதவர். கல்யாணமான புதிதில் நிறையக் குடித்தவராம். நான் பிறந்த வருஷம் கோயில் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனித் தொடுவதில்லை என்று சபையார் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர். அம்மா அடிக்கடி அதைச் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அவர் தொண்டை ஏறி இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றரைப் படியாவது இருந்திருக்கும். நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் குடித்தார். பனையேறிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் முதலில் கை தட்டினார். அடுத்து எல்லாரும் தட்டினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாடகம்தான் நடக்கிறது என்று டீச்சரும் தட்டினார். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு துருத்தியை வேகமாக அமுக்கினார். அவர் உட்கார்ந்திருந்தது எங்களிடமிருந்து நாலடி தூரம், வாசனை எட்டாமல் இருக்காது.

கலயத்தைக் கவிழ்த்து, காலி என்று காட்டினார் அய்யா. சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, எங்களுக்கு இல்லையா?”

“தீந்துட்டு சார். காலைல மரத்தடிக்கு வாங்க, பனி மாறாம எறக்கித் தாரேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அய்யா மேடையின் பின்பக்கமாக இறங்கினார். இறங்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாற்பது மரம் ஏறுகிற ஆள், இரண்டடி உயரத்திலிருந்து பார்த்துப் பார்த்து இறங்கினார். காலிக் கலயத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சமிருந்த இரண்டு பாட்டையும் நாங்கள் பாடி முடித்தோம். ராஜா பாடவில்லை. சிம்மாசனத்தில் தூங்கிவிட்டான். தாகம் தீர்ந்த ராஜா தூங்குவதும் பொருத்தம்தான் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பேசும்போது, பனையேறிகளின் உழைப்பை இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன், சுண்ணாம்பு தடவி முறையாக இறக்குகிறவர்கள் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றார். என் தோளில் கை வைத்து, நல்ல குரல் என்றும் சொன்னார். மறுநாள் காலையில் அவர் மரத்தடிக்கு உண்மையாகவே வந்தார். அய்யா முதலில் இறக்கிய கலயத்தைக் கொடுத்தார். இரண்டு பூச்சுக் காரம். முகம் கோணாமல் குடித்துவிட்டுப் போனார். அந்தப் பருவம் முழுவதும் எங்கள் ஊர் மரத்தடியில் ஜீப் நிற்கவில்லை.

வீட்டில் எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. விழா முடிந்து நான் போனபோது அய்யா கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் உள்ளே போய் எனக்கு மட்டும் சோறு போட்டாள். அய்யாவோடு அவள் சில நாள் பேசவில்லை. ஒரு கலயம் பதநீர் வீணாய்ப்போன கோபம் என்று நான் நினைத்தேன். ஒரு கலயத்தில் எவ்வளவு கருப்பட்டி கிடைத்துவிடும், அதற்கா இவ்வளவு கோபம் என்று அம்மா மேல்தான் எனக்கு வருத்தம்.

சுண்ணாம்பு எப்படிக் குறைந்தது என்று அய்யா கடைசி வரை என்னிடம் கேட்கவில்லை. கடைக்கார அண்ணாச்சி மகன் மட்டும், அன்றைக்குக் கொண்டுவந்த பதனி மாதிரி இன்னொரு நாள் கொண்டு வாயேம்ல என்று பின்னாலேயே கொஞ்ச நாள் அலைந்தான்.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வந்து அப்பமும் திராட்சை ரசமுமாக நற்கருணை கொடுப்பார். மனதில் குற்றம் உறுத்தாத பெரியவர்கள் எழுந்து வரிசையாகப் பீடத்துக்குப் போய் முழங்கால் போடுவார்கள். திடப்படாத, அதாவது நற்கருணை வாங்கும் வயது வராத பிள்ளைகள் பின்னால் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். விழாவுக்கு அடுத்து வந்த முதல் ஞாயிறு, வரிசை எழுந்தபோது அம்மா மட்டும் தனியாகப் போனாள். அய்யா எழுந்து பின்னால் வந்து, பாயில் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உபதேசியார் பீடத்துப் பக்கமிருந்து ஒரு தடவை எங்களைப் பார்த்தார். உடனே கையில் இருந்த புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்.

“போகலையாய்யா?” என்று கேட்டேன்.

“காலு வலிக்குல” என்றார்.

நாள் முழுவதும் மரம் ஏறுகிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும். நான் நம்பினேன். எல்லாரும் முன்னால் பாடிக்கொண்டிருந்தபோது அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துப் பைய அமுக்கிவிட்டேன். வேண்டாம் என்றார், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமும் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த மாதமும். அந்த வருஷம் முழுவதும், ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காதபடி, நற்கருணை நேரத்தில் எனக்கு மட்டும் அய்யா பக்கத்திலேயே இருந்தார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு முதல் ஞாயிறும் கண்ணை மூடி, அய்யாவின் கால்வலி சீக்கிரம் குணமாகிவிடக் கூடாது என்று நான் ஜெபம் செய்தேன்.

எழுதி முடித்தது: ஆவணி மாதம் 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.